‘பொல்லார்டு’: அவசரப் பிரிவு வாயில்களுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

மருத்துவமனை வாயில் பாதுகாப்புக் குறிப்புகளில் ‘பொல்லார்டு’ (bollard) அடிக்கடி வருகிறது. வண்டி உள்ளே பாயாமல் தடுக்க வாசல் முன் நடும் குட்டையான தூண் அது. அதற்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். பொருள் தெளிவாக இருக்கட்டும் என்பதற்காக ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2024 பிப்ரவரி 13 அன்று, டெக்சாசின் ஆஸ்டின் நகரில் செயின்ட் டேவிட்ஸ் வடக்கு ஆஸ்டின் மருத்துவ மையத்தின் அவசரப் பிரிவுக்குள் ஒரு கார் வாயிலை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஓட்டி வந்தவர் இறந்தார். கூடத்தில் இருந்தவர்களில் குழந்தைகள் உட்படப் பலர் காயமடைந்தனர். பொல்லார்டுகள் அங்கே நடப்பட்டது அதன் பிறகுதான்.

அவசரப் பிரிவுக்கு வண்டியை ஓட்டி வருபவரே சில நேரம் நோயாளியாக இருப்பார்: நெஞ்சுவலி, வலிப்பு, சர்க்கரை இறங்கிய மயக்கம். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிடுபவர்களும் உண்டு. ஸ்ட்ரெச்சர் தட்டாமல் போவதற்காக வாசலில் நடைபாதையின் விளிம்பைச் சாலை மட்டத்துக்கு இறக்கியிருப்பார்கள். அதற்கு அடுத்து கண்ணாடிக் கதவு, அதை ஒட்டியே நாற்காலி வரிசை. விளிம்புக்கல் இருந்தாலும் பயனில்லை. 15 செ.மீ. கல்லில் கார் ஏறிப் போய்விடும்.

என் பரிந்துரை ‘மறிதூண்’. ‘தடுப்புத்தூண்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காவலர்கள் உருட்டிக்கொண்டு வரும் பேரிகேடு தொடங்கிச் சாலை நடுவிலுள்ள சுவர் வரை எல்லாமே இன்று ‘தடுப்பு’தான். கப்பல் கட்டும் தூணுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். அதற்குக் ‘கட்டுத்தறி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

*

ஐயா, வணக்கம்.

‘மறிதூண்’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். ‘மறிதல்’ என்றால் சாய்தல், கீழ்மேலாகப் புரளுதல். வினைத்தொகையை ‘மறிகின்ற தூண்’ என்றும் விரிக்கலாம், அப்போது சாய்கிற தூண் ஆகிவிடும். இடித்தாலும் சாயக்கூடாது என்று நடுவதற்கு அந்தப் பெயர் வேண்டாம். ‘மறிப்புத்தூண்’ என்றால் மறிப்பது என்ற பொருள் மட்டுமே நிற்கும். எங்கள் பக்கம், இலங்கையில், ‘மறியல்’ என்றால் சிறை. ‘மறிப்பு’ அந்த நினைவைக் கொண்டுவராது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இடித்துப் பார்த்துச் சான்று பெற்ற தூணுக்கும், வாகன நிறுத்தத்தில் நிற்கும் பிளாஸ்டிக் குச்சிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். தமிழிலும் அந்தக் குழப்பத்தைக் கொண்டுவந்தால், ஒப்பந்ததாரர் மலிவானதை நட்டுவிட்டுப் போவார், பார்க்கிறவர்களும் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்புவார்கள். மோதலைத் தாங்கினால் ‘தூண்’, வழியை மட்டும் காட்டினால் ‘கம்பம்’ என்று கறாராகப் பிரித்துவிடுவோம். ‘மோதல் சான்று’ என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்3016 தரத்தில் சுமார் 2,270 கிலோ சோதனை வண்டியை மணிக்கு 16, 32, 48 கி.மீ. என மூன்று வேகங்களில் மோதவிடுகிறார்கள். எஸ்10, எஸ்20, எஸ்30 என்ற பெயர்கள் மைல் கணக்கில் வந்தவை. வேகம் மூன்று மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்கு: 16-இல் ஏறக்குறைய 23 கிலோஜூல், 48-இல் 204. அதனால் வேகத்தைச் சொல்லாமல் ‘சான்று பெற்றது’ என்று மட்டும் எழுதுவது போதாது. வண்டி தூணைத் தாண்டி 30 செ.மீ.க்குள் நின்றால் பி1, 1.22 மீட்டருக்குள் நின்றால் பி2. அதைத் தாண்டினால் சான்று இல்லை. இந்த அளவுக்கு ‘புகுதொலைவு’ என்று பெயரிடலாம். ‘ஊடுருவல்’ எல்லைச் செய்திகளை நினைவூட்டுகிறது.

அதே அமைப்பின் எஃப்2656 தரம் வேறு வகை. எம்50 என்றால் 6,800 கிலோ டிரக் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மோதுவது. அது தாக்குதலைத் தடுக்கும் தரம். தவறி வரும் காருக்குப் பெரும்பாலும் எஃப்3016 போதும். ஆனால் நீண்ட நேர்வழி கதவைப் பார்த்தே வந்து முடியும் இடங்களில் வேகத்தை முதலில் கணக்கிட வேண்டும்.

*

அம்மா, வணக்கம்.

‘மறிப்புத்தூண்’ சரி. தூண்–கம்பம் பிரிப்பையும் முழுமனதாக ஏற்கிறேன். புகுதொலைவு என்ற சொல் வந்ததும் வரைபடத்தில் ஒரு தவறு உடனே தெரிகிறது. பி2 தூணைக் கண்ணாடியிலிருந்து 60 செ.மீ. தள்ளி நட்டால், சான்று பெற்ற தூண்தான், ஆனாலும் காரின் மூக்கு உள்ளே இருக்கும். அந்த இடத்துக்கு பி1 வேண்டும், அல்லது தூணைக் குறைந்தது ஒன்றரை மீட்டர் வெளியே தள்ள வேண்டும். இடையில் பெஞ்சு போடக்கூடாது.

இடைவெளிக்குக் கொத்தனார்களும் தச்சர்களும் சொல்லும் ‘உள்ளளவு’ போதும். தூணின் முகத்திலிருந்து அடுத்த தூணின் முகம் வரை, மையத்துக்கு மையம் அல்ல. 1.2 மீட்டருக்கு மேல் போனால் சிறிய கார் நுழையப் பார்க்கும், 90 செ.மீ.க்குக் கீழே போனால் சக்கர நாற்காலி சிக்கும். 6 மீட்டர் திறப்பில் 168 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6 அங்குலக் குழாய் என்றால் நான்கு தூண், உள்ளளவு 1.07 மீட்டர். மூன்றோடு நிறுத்தினால் 1.37 ஆகிவிடும்.

அதிகம் தோற்பது அடித்தளத்தில்தான். 10 செ.மீ. தரைத்தளத்தில் தகடு வைத்து நான்கு போல்ட் முடுக்கிய குழாய், இடித்ததும் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு சாயும். குழாய்க்குள் கான்கிரீட் நிரப்பினால் அது நசுங்காது, ஆனால் அடியில் பிடிப்பு இல்லாததை அது ஈடுகட்டாது. ஒரு மீட்டர் குழி தோண்ட முடியாத இடங்களும் உண்டு: கீழே ஆக்சிஜன் குழாய், மின்வடம், அல்லது நிலத்தடி மாடியின் கூரையே. அங்கே தூண்களை ஓர் எஃகுச் சட்டத்தில் ஒன்றாகப் பிணைத்து 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் பதிக்கிறார்கள். இதற்கு ‘ஆழமிலா அடித்தளம்’ எனலாம். மண்ணும் கான்கிரீட்டும் சோதனையில் இருந்தபடி இல்லாவிட்டால் அந்தச் சான்றை நம்ப முடியாது.

இறங்கி ஏறும் வகைக்கு ‘அமிழ்தூண்’ பொருத்தம். அவசர வாயிலில் அதை நான் எதிர்ப்பேன். மழையில் குழியின் வடிகால் அடைத்துக்கொண்டாலும் மின்சாரம் போனாலும் ஆம்புலன்ஸ் வெளியே நிற்கும். ஆம்புலன்ஸ் தடத்தைப் பக்கவாட்டில் விட்டு, கதவின் முன் நிலைத்தூண்களை நடுவது மேல்.

ஒப்பந்தப்புள்ளி வாசகம் இப்படி இருக்கலாம், திருத்துங்கள்: “அவசரப் பிரிவு வாயிலில் எஸ்30 பி1 மோதல் சான்று பெற்ற மறிப்புத்தூண்கள் நான்கு, உள்ளளவு 1.07 மீட்டர், சான்றிலுள்ள அதே அடித்தளத்துடன். அடையாளக் கம்பங்கள் ஏற்கப்படா.”