அறுபது தாண்டித் தனியாகக் கடல் கடந்தவர்களே, வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

முள்ளியவளையிலிருந்து, 67 வயது

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2009 இல், போரில், மாத்தளனில் என் கணவரை இழந்தேன். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவர்களிடம் போவதற்கு முன்னால் நான் பார்க்க விரும்பிய ஊர் பூம்புகார். சின்ன வயதிலிருந்து வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கி வருகிறோம். மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்று அம்மம்மா சொல்லுவா. அவள் பிறந்த ஊரை ஒருமுறை மிதிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் அப்படியே இருந்தது.

பாஸ்போட்டை வவுனியாவில் எடுத்தேன். விசாவுக்கு யாழ்ப்பாணத்தில் விண்ணப்பித்தேன். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். முதல் தடவை காற்று பலமென்று விடவில்லை. திரும்பி வந்து அடுத்த கிழமை மறுபடி போனேன். கடலில் ஏறக்குறைய நாலு மணித்தியாலம், அவ்வளவுதான். கொழும்புக்குப் பஸ்ஸில் போவதைவிடக் குறைந்த நேரம் என்று நினைத்தபோது மனம் என்னவோ செய்தது. இத்தனை வருடம் எத்தனை தூரமாய் இருந்த கரை!

நாகையில் ஒரு லொட்ஜில் பாஸ்போட்டைக் கண்டதும் அறை இல்லை என்றார்கள். எனக்கு முன் வந்தவருக்கு அப்போதுதான் திறப்புக் கொடுத்திருந்தார்கள். மனம் நொந்துவிட்டது. வெளிநாட்டவர் தங்கினால் லொட்ஜ்காரர் அரசாங்கத்துக்குப் படிவம் நிரப்பிப் பதிய வேண்டும், சின்ன இடங்கள் அதைத் தவிர்ப்பார்கள் என்று ஓட்டோக்காரத் தம்பி சொன்னார். அவரே பதிவு செய்யும் இடமொன்றுக்குக் கூட்டிப்போய், நான் அறைக்குள் போகும்வரை வாசலில் நின்றார். தனியாகப் போகிறவர்கள் முதல் இரவுக்காவது, வெளிநாட்டுப் பாஸ்போட்டை ஏற்பீர்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

காரைக்கால், தரங்கம்பாடி, திருக்கடையூர் வழியாக, பஸ் மாறி மாறிப் போனேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்ய வந்த சோடிகள் மாலையோடு வீதியில் நின்றார்கள். நான் இறங்கவில்லை.

பூம்புகாரில் காவிரி கடலோடு சேரும் இடத்துக்குப் போனேன். பாட்டில் படித்த பட்டினம் ஒன்றும் இல்லை. மணலும் அலையும், கருவாடு காயப்போட்ட ஒரு பெண்ணும். என் வயதுதான் இருக்கும்.

“எந்த ஊரும்மா? பேச்சு வேற மாதிரி இருக்கே.”

“முல்லைத்தீவுப் பக்கம், அம்மா.”

“அங்கயும் அன்னைக்கு வந்துச்சா?”

எதைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது. 2004 மார்கழி 26, சுனாமி வந்த நாள். நாகைக் கரையும் எங்கள் கரையும் ஒரே காலையில் அழிந்தன. ஓம் என்றேன். தன் மகனுக்கு அப்போது ஒன்பது வயது என்றாள். என்னிடம் படித்த பிள்ளைகளைப் பற்றி நான் சொன்னேன். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு கதைத்தோம். போருக்குப் பிறகு வந்த எத்தனையோ பேர் எங்களிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவள் எதையும் எழுதவில்லை, தன்னுடையதையும் சொன்னாள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

வற்றாப்பளையைப் பற்றிச் சொன்னேன். சிலாவத்தையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரிலேயே விளக்கெரிப்பதைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த வைகாசிப் பொங்கலில் அவள் மகன் பெயரிலும் ஒரு பானை வைத்தேன்.

பரந்தனிலிருந்து, 72 வயது

டீச்சர், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நான் போனது ரொறன்ரோவுக்கு, மகளிடம். டோகாவில் விமானம் மாற வேண்டும். டிக்கற் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வை என்று மகள் சொன்னாள். நடக்க முடிந்தாலும் கேளுங்கள், அடுத்த விமானத்தின் வாசல்வரை கூட்டிப்போவார்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், டொக்டரின் கடிதமும் கூடவே இருக்கட்டும்.

காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்து அழுதுகொண்டிருந்தாள். குருநாகல் பக்கம், குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிறாள். இரண்டு வயதுக் குழந்தையைத் தாயிடம் விட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். மகளுக்குக் கொண்டுபோன பருத்தித்துறை வடையை உடைத்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவளுடைய அண்ணன் இராணுவத்தில் இருந்து எங்கள் பக்கம்தான் செத்தவன் என்று பிறகு சொன்னாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மிச்ச வடையை அவள் பையில் வைத்துவிட்டேன். என் பெயர் கூப்பிட்டபோது எழும்பி நின்று “தாத்தே” என்றாள். அப்பா என்று அர்த்தம்.

நெடுங்கேணியிலிருந்து, 64 வயது

எனக்கும் சிதம்பரம் பார்க்க ஆசை, அக்கா. முழங்கால் வருத்தம் இருக்கிறது. தனியாக விடமாட்டேன் என்று மகன் நிற்கிறான். என்ன செய்யலாம்?

முள்ளியவளையிலிருந்து

தங்கச்சி, மகனை இருத்திவைத்து, எங்கே தங்குவீர்கள், எந்த நேரம் போன் எடுப்பீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள். என் பிள்ளைகளும் அதன் பிறகுதான் சம்மதித்தார்கள். கார்த்திகை, மார்கழியில் திட்டம் போடாதீர்கள். கடல் சரியில்லாவிட்டால் கப்பல் ஓடாது. முழங்காலுக்கு, பஸ்ஸைவிட நாகையிலிருந்து கார் பிடிப்பது நல்லது, இரண்டு பேர் என்றால் செலவும் பாதி. நான் பங்குனி கழிய மறுபடி போகிறேன், பூம்புகாரில் அவளைப் பார்க்க. சிதம்பரம் அங்கிருந்து கிட்டத்தான். பாஸ்போட்டை இப்போதே எடுத்து வையுங்கள்.