பதினெட்டாம்படி துணை 🙏 நம்ம குடும்பம்

செல்வி: பிரபுவுக்கு அனுப்பும் பார்சலைத் தபால் ஆபீசில் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்காம். முறுக்கு மட்டும்னா சரியாம்.

பிரபு சிங்கப்பூர்: அம்மா, லேப்டாப்தான் வேணும். முறுக்கு இங்கே தேக்காவிலேயே கிடைக்கும்

ராஜாத்தி: அது நான் சுட்டது

பிரபு சிங்கப்பூர்: ஐயோ சித்தி 🙏

சுப்பையா: அனைவருக்கும் வணக்கம். ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் மூட்டை பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். லித்தியம் பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால் தானே சூடேறும். அந்தச் சூடு பேட்டரிக்குள் பக்கத்தில் இருக்கும் செல்லையும் பற்றவைக்கும். விமானத்தின் அடியில் மூட்டைக்குள் பிடித்தால் யார் போய் அணைப்பது? 2010 செப்டம்பரில் துபாயில் லித்தியம் பேட்டரி ஏற்றிய சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்தது. விமானிகள் இருவருமே போய்விட்டார்கள். கருவிக்குள் இல்லாத தனி லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலில் இருந்து தடை. பவர் பேங்கும் தனி பேட்டரி கணக்குதான்.

மீனா: மாமா மூச்சு விடுங்க

கண்ணன்: 😂

செல்வி: அவன் பவர் பேங்கையும் அதே டப்பாவில்தான் வைத்தேன்

செல்வி: 📷 படம்

மீனா: அத்தை, இது வீங்கியிருக்கு. ஓரம் பிளந்து உள்ளே வெள்ளிக் கவர் தெரியுது பாருங்க

பிரபு சிங்கப்பூர்: அதை சார்ஜ் போடாதீங்க!!

செல்வி: ராத்திரி முழுக்க அரிசிப் பானை மேலேதான் இருந்தது

சுப்பையா: சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. வெயில் படாத சிமெண்டுத் தரையில் தனியாக வை. மின்கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ராஜாத்தி: முறுக்கு பக்கத்திலா இருந்தது?

மீனா: கண்ணன் அண்ணன் வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் போறாரே. அவர் கையில் கொடுத்துவிடலாமே

பாண்டியம்மா: காதுகுத்துப் பத்திரிகையில் எங்க பேர் போட இடமில்லை. எங்க பெட்டியில் மட்டும் இடம் வேணுமாக்கும்

செல்வி: அண்ணி, அது பிரஸ்காரர் விட்டது. எத்தனை தடவை சொல்றது

ராஜாத்தி: இரண்டாவது தடவை அடித்தபோதும் விட்டாரே

மீனா: சித்தி!!

கண்ணன்: அம்மா விடுங்க. அத்தை, லேப்டாப் பேட்டரியின் அளவு எத்தனை வாட் ஹவர்?

செல்வி: அது எங்கே போட்டிருக்கும்

பிரபு சிங்கப்பூர்: 57 மச்சான்

சுப்பையா: 100 வாட் ஹவர் வரை கைப்பையில் தாராளமாகக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை விமானக் கம்பெனி அனுமதி வேண்டும். பவர் பேங்கில் மில்லி ஆம்ப் ஹவர் (mAh) மட்டும் இருந்தால் 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கு. 20,000 என்றால் 74 வாட் ஹவர். செக்-இன் பெட்டியில் மட்டும் பவர் பேங்க் வைக்கவே கூடாது. அப்புறம், குலசாமி வரி நாலு வீடு பாக்கி.

மீனா: அதானே பார்த்தேன்

ராஜாத்தி: நாங்க சித்திரையிலேயே கொடுத்தாச்சு

சுப்பையா: நோட்டில் இல்லை.

ராஜாத்தி: உங்க நோட்டில் எது இருந்திருக்கு

கண்ணன்: கைப்பை 7 கிலோதான். என் லேப்டாப்பும் இருக்கு. எடை போட்டுப் பார்த்துச் சொல்றேன்

பிரபு சிங்கப்பூர்: சார்ஜரைப் பெட்டியில் போடு மச்சான், அதில் பேட்டரி இல்லை

கண்ணன்: வியாழன் சாயங்காலம் ஒத்தக்கடை வர்றேன் அத்தை. முடிந்தால்

பாண்டியம்மா: அவன் வருவான். நான் வரலை

செல்வி: நீங்களும் வாங்க அண்ணி. இட்லிக்கு ஆட்டி வைக்கிறேன்

பாண்டியம்மா: எத்தனை பேருக்கு ஆட்டுற?