ரீஃபண்டும் சம்பளமும் கல்விக் கடனுக்குப் போன அனுபவம்: உங்களுக்கும் நடந்ததா?

எடிசன் மீனா

2019 மார்ச். இங்கே அமெரிக்காவில் கணவரும் நானும் ஜாயிண்டாக வரி தாக்கல் செய்திருந்தோம், திரும்ப வர வேண்டிய ரீஃபண்டு 4,312 டாலர். திருச்சியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். டிக்கெட் போட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். பணம் வரவில்லை, கடிதம் வந்தது. முழுத் தொகையையும் கணவரின் பழைய ஃபெடரல் லோனுக்கு, அதாவது படிக்க மத்திய அரசிடம் வாங்கிய கடனுக்கு, பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் கல்யாணத்துக்கு ஆறு வருடம் முன்னால் அவர் வாங்கிய கடன் அது. இரண்டு வருடம் படித்துவிட்டுக் கல்லூரியை விட்டுவிட்டார். 270 நாள் கட்டாவிட்டால் டிஃபால்ட், கடன் கட்டத் தவறியவர் என்று கணக்கு என்பது உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனோம். "என் பேருக்கு லெட்டர் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று அவர் கேட்டதும், அத்தை பூஜை அலமாரியின் கீழ் டிராயரைத் திறந்தார்கள். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. எண்ணிப் பார்த்தேன், பதினேழு உறை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "உன் பேருக்கு வந்ததை நான் எப்படிப் பிரிப்பேன்? பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார்கள். மேல் உறையில் குங்குமம் படிந்திருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஹூஸ்டன் செல்வம்

மீனா, வருத்தம் புரிகிறது. ஆனால் ரீஃபண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவது. எனக்குச் சம்பளத்திலேயே பிடித்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இரண்டும் ஒன்றில்லை.

ஏசி மெக்கானிக் படிப்பு, பாதியில் நின்றது. 2018-ல் உத்தரவு நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டது. கோர்ட்டும் இல்லை, வழக்கும் இல்லை. வரியெல்லாம் போகக் கைக்கு வந்தது 1,380 டாலர். அதில் 15 சதவீதம், 207 டாலர் போனது.

சம்பளக் கணக்குப் பார்க்கும் அம்மா என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, "இது நீங்கள்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். ஃபீஸ் கட்டாதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. முந்தைய இடத்தில் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள், இங்கே சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஒரு பிடித்தத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதை அவர்தான் சொன்னார்.

சார்லட் ரவி

என் தம்பிக்கும் ரீஃபண்டு போனது. கதை அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

செல்வம், உங்களுக்கு ஏழு மாதம் என்று படித்ததும் மனது கேட்கவில்லை. வேலையிலிருந்து அவர்களாக அனுப்பி, புது வேலையில் சேர்ந்து 12 மாதம் ஆகாதவர்களின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உத்தரவுக்கு முன்னால் 30 நாள் நோட்டீஸ் வரும். அதற்குள் விசாரணை கேட்டு எழுதியிருந்தால் அந்த 207 நின்றிருக்கும். கோர்ட் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஃபெடரல் கடனுக்கு மட்டும்தான். தனியார் கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகுதான் சம்பளத்தைத் தொட முடியும், ரீஃபண்டைத் தொடவே முடியாது. இதைக் குழப்பினால் படிக்கிறவர்கள் தேவையில்லாமல் பயப்படுவார்கள்.

மீனா, கடன் கணவருடையது மட்டும் என்றால் 8379 என்று ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் கட்டிய வரிக்கு உரிய பங்கை வரித் துறையான ஐஆர்எஸ் திருப்பித் தரும். டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் கணவன் மனைவி சொத்துச் சட்டம் வேறு, அங்கே கணக்கும் மாறும்.

டிஃபால்ட்டிலிருந்து வெளியே வர ரீஹாபிலிடேஷன் என்று ஒரு திட்டம் உண்டு. பத்து மாதத்தில் ஒன்பது தவணை, வருமானத்துக்கு ஏற்ற தொகை. ஐந்து தவணை கட்டியதும் சம்பளப் பிடித்தம் நிற்கும். ஆனால் அதுவரை பிடித்தமும் போகும், தவணையும் போகும், இரண்டையும் தாங்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தியிருந்த வசூலை 2025 மே 5 முதல் மறுபடி தொடங்குவதாக அறிவித்தார்கள். முகவரி மாறியவர்கள் முதலில் அதைத் திருத்துங்கள். பழைய முகவரிக்குப் போனாலும் நோட்டீஸ் கொடுத்ததாகத்தான் கணக்கு.

ஹூஸ்டன் செல்வம்

ரவி, நோட்டீஸ் வந்தது. படித்தேன். "விசாரணை" என்ற வார்த்தையைப் பார்த்ததும் பயந்து மடித்து வைத்துவிட்டேன். பதினோரு மாதம் பிடித்தார்கள்.

எடிசன் மீனா

8379 அப்போதே போட்டோம். என் பங்கு 2,600 சொச்சம், ஜூன் கடைசியில் வந்தது. அறுபதாம் கல்யாணம் மே மாதம் முடிந்துவிட்டது. மாலை மாற்றும்போது தம்பி வீடியோ காலில் காட்டினான், பாதியில் கட்டாகிவிட்டது.

செல்வம் சொன்னது போல இரண்டும் ஒன்றில்லைதான். ஆனால் என்னுடையது சின்ன விஷயமும் இல்லை.

பிட்ஸ்பர்க் பெரியவர்

எல்லோரும் அவரவர் கடனைச் சொல்கிறீர்கள். நான் வாங்கியது மகன் படிப்புக்காக, பெற்றோருக்கு மத்திய அரசு கொடுக்கும் பேரண்ட் பிளஸ் லோன். அதில் கையெழுத்து என்னுடையது மட்டும், அவன் பெயரில் ஒரு டாலர்கூட இல்லை. படித்து முடித்து அவனுக்கு இரண்டு வருடம் வேலை கிடைக்கவில்லை. எனக்கு இடுப்பு எலும்பு உடைந்து வேலை நின்றது.

2017-ல், அரசாங்கம் மாதாமாதம் தரும் சோஷியல் செக்யூரிட்டி பணத்தில் பிடித்தார்கள். மாதம் 1,120 வந்துகொண்டிருந்தது, 952 ஆனது. மாதம் 750 டாலர் வரை விட்டுவைப்பார்கள், அதற்குமேல் இருந்தால் 15 சதவீதம் வரை போகும்.

அந்த மாதம் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஃபிரிட்ஜைத் திறந்து, "என்னப்பா, பால் அரை கேலன்தான் வாங்குறீங்களா இப்போ?" என்று கேட்டான். டாக்டர் குறைக்கச் சொன்னார் என்றேன். சரிப்பா என்று கதவைச் சாத்தினான். இப்போது அவனுக்கு நல்ல வேலை, இரண்டு பிள்ளைகள். இன்னும் அவனுக்குத் தெரியாது.