ராக்கிகர்ஹி பெண்ணோட டிஎன்ஏ மேட்ச் வந்திருக்கு, இதை அப்பாவோட சதாபிஷேகப் பத்திரிகைல போடலாமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் எச்சில் எடுத்து அனுப்புற டிஎன்ஏ டெஸ்ட் ஒண்ணு பண்ணேன், அதோட ரா டேட்டாவை (டெஸ்ட்ல வந்த மூலத் தகவல் ஃபைல்) போன வாரம் பழங்கால எலும்புக்கூடுகளோட ஒப்பிட்டுக் காட்டுற ஒரு சைட்ல ஏத்தினேன். லிஸ்ட்ல முதல்லயே வந்தது ராக்கிகர்ஹி ஐ6113 (ஆய்வுல குடுத்த மாதிரி எண்), அதான் ஹரியானாவுல ஹரப்பா காலத்து புதைகுழில கிடைச்ச பொண்ணு. தூரம்னு ஒரு நம்பர் குடுத்திருக்கான், கூடவே ரெண்டு இடத்துல 7 சென்டிமார்கனுக்கு (டிஎன்ஏ துண்டோட நீளத்துக்கான அளவு) மேல செக்மென்ட் மேட்ச்னு, அதாவது அந்தத் துண்டு ஒத்துப்போகுதுன்னு இருக்கு. அது போக என்னோட அம்மா வழி ஹாப்லோகுரூப் (மரபுக் கிளை) யு2பி, அந்தப் பொண்ணுக்கு யு2பி2.

அப்பா ரிட்டயர்ட் தமிழாசிரியர். சிந்துவெளின்னா உசுரு. சொன்னதும் கண் கலங்கிட்டார், ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல, எல்லாருக்கும் போன் போட்டு இதையே சொல்லிட்டிருக்கார். தை மாசம் அவருக்கு சதாபிஷேகம், பத்திரிகைல "சிந்துவெளி வழித்தோன்றல்"னு ஒரு வரி போடணும்ங்கறார். வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்கு குடுக்கணும். இந்த வயசுல அவருக்கு ஒரு தப்பான விஷயத்தை நம்ப வெச்சுட்டேனோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செம்மண்காடு:
எங்க வீட்லயும் பாத்தோம். நான் தஞ்சாவூர், மனைவி கல்கத்தா பெங்காலி. ரெண்டு பேருக்கும் அதே எலும்புக்கூடு லிஸ்ட்ல மேல வந்துச்சு. அப்பவே எனக்கு இது குடும்ப உறவைக் காட்டுற விஷயம் இல்லைன்னு தோணிடுச்சு.

மரபுத்தேடல்:
தம்பி, மூணு விஷயத்தை ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிட்டிருக்கீங்க, தனித்தனியா பாத்தா தெளிவாயிடும்.

முதல்ல அந்த யு2பி. அது உங்க அம்மாவோடது, அவங்க அம்மாவோடது, அப்படியே மேல போகும். உங்க அப்பாகிட்ட இருந்து வந்தது இல்ல, அவர்கிட்ட இருக்கறது உங்க அப்பத்தாவோடது. அதனால அவர் பத்திரிகைக்கு இதை ஆதாரமா எடுக்கவே முடியாது. இன்னொண்ணு, யு2 நம்ம துணைக்கண்டத்துல பல பத்தாயிரம் வருஷமா இருக்கற கிளை. யு2பி ங்கறதும் ஹரப்பா நகரங்கள் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பிரிஞ்சு பரவினது. ஒரே கிளைல ரெண்டு பேர் இருந்தா எங்கயோ ரொம்ப தூரத்துல ஒரு பொதுவான பாட்டி இருந்தாங்கன்னு தான் அர்த்தம், ஒருத்தர் இன்னொருத்தரோட வாரிசுன்னு அர்த்தம் இல்ல.

ரெண்டாவது அந்த செக்மென்ட். இது தான் எனக்கு ரொம்ப ஆதங்கமான இடம், ஏன்னா நிறைய பேர் இதைப் பாத்துத் தான் ஏமாந்து போறாங்க. ராக்கிகர்ஹில 60க்கும் மேல எலும்பு சாம்பிள் சோதிச்சு பாத்து இந்த ஒரே ஆள்கிட்ட தான் உருப்படியா டிஎன்ஏ கிடைச்சுது, அந்த ஊர் வெயிலும் ஈரமும் மத்ததை அழிச்சுடுச்சு. அந்த ஒருத்தங்ககிட்ட இருந்தும் நூத்துக்கு மேல தடவை திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி, 12 லட்சம் இடம் தேடினதுல சுமார் 31 ஆயிரம் ஸ்னிப் (ஆளுக்கு ஆள் டிஎன்ஏ எழுத்து மாறுற இடம்) தான் படிக்க முடிஞ்சுது. 2019ல செல்ங்கற அறிவியல் இதழ்ல வந்த ஆய்வு அது. இப்ப கணக்கு போடுங்க, மனுஷ ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ, மொத்தமா ஏறக்குறைய 3500 சென்டிமார்கன், அதுல 31 ஆயிரம் புள்ளின்னா ஒரு சென்டிமார்கனுக்கு 9 வருது, 7 சென்டிமார்கனுக்கு அறுபது சொச்சம், அதுலயும் உங்க டெஸ்ட் படிச்ச இடங்களோட ஒத்துப்போறது இன்னும் கம்மி. உயிரோட இருக்கற ரெண்டு பேரை ஒப்பிடும்போது நூத்துக்கணக்குல ஸ்னிப் வரிசையா ஒத்துப்போனாத் தான் உறவுன்னே எடுத்துப்பாங்க. இந்த எலும்புல படிக்க முடிஞ்ச ஒவ்வொரு இடத்துலயும் அம்மா வழி, அப்பா வழின்னு ரெண்டு எழுத்துக்குப் பதிலா ஒரு எழுத்து தான் கிடைச்சிருக்கும், மீதி இடம் காலி, காலியா இருக்கற இடத்தை ப்ரோக்ராம் முரண்பாடுன்னு எண்ணாது. அதனால சும்மா தற்செயலாவே நீளமா ஒரு "மேட்ச்" கிடைச்சுடும்.

அந்தப் பொண்ணு வாழ்ந்து நாலாயிரத்து ஐநூறு வருஷம்னு வெச்சா சுமார் 160 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலயும் துண்டு உடைஞ்சு சின்னதாயிட்டே வரும், 160 தாண்டி வர்ற துண்டு சராசரியா ஒரு சென்டிமார்கன் கூட இருக்காது. முழுசா 7 வர்றதுக்கு வழியே இல்லைன்னு சொல்லலாம்.

தூரம்ங்கற நம்பர் மட்டும் கொஞ்சம் அர்த்தமுள்ளது. ஆனா அது கலவையோட சாயல், மேப்ல பக்கத்துப் பக்கத்துல நிக்கற மாதிரி. அவங்ககிட்ட ஈரான் பக்கத்து பழைய ஜனங்களோட தொடர்புடைய ஒரு பங்கும், இங்கயே இருந்த வேட்டை சமூகங்களோட பங்கும் இருந்துச்சு, ஸ்டெப்பி (மத்திய ஆசியப் பக்கத்துப் புல்வெளி ஜனங்க) பங்கு இல்ல. நம்ம பக்கம் நிறைய சமூகங்கள்ல ஸ்டெப்பி கம்மிங்கறதால அந்தத் தூரம் குறைவா வருது.

நெல்லிமரம்:
இதே தப்பு இங்கிலாந்துலயும் நடந்துச்சு அண்ணா. செடார் குகைல 1903ல எடுத்த பத்தாயிரம் வருஷத்து எலும்புக்கூடு, 1997ல அதோட தாய்வழி டிஎன்ஏவை அந்த ஊர்க்காரங்களோட ஒப்பிட்டாங்க, பக்கத்துல இருந்த ஸ்கூல் வாத்தியார் ஒருத்தருக்கு ஒத்துப்போச்சு, உடனே பேப்பர்லாம் அவரை நேரடி வாரிசுன்னு எழுதிடுச்சு. எலும்புக்கூடு ஆம்பளை! தாய்வழி டிஎன்ஏவை ஒரு ஆம்பளையால தன் பிள்ளைங்களுக்குக் குடுக்கவே முடியாது. அந்த எலும்புக்கூட்டோட தாய்வழிக் கிளையான யு5 ஐரோப்பாவுல பத்துல ஒருத்தர்கிட்ட இருக்கு.

மூணாம் ரிச்சர்ட் ராஜா விஷயம் வேற. 2012ல லெஸ்டர்ல கார் பார்க்கிங்கைத் தோண்டி எடுத்தாங்க. அங்க தாய்வழி சொந்தக்காரங்களோட டிஎன்ஏ ஒத்துப்போனது மட்டும் இல்ல, வம்சாவளியும் எழுத்துல இருந்துச்சு, 500 வருஷம் தான் இடைவெளி, தாய்வழி வகையும் அபூர்வமானது. அதனால நம்பலாம். அதுலயும் ஆண்வழி சொந்தக்காரங்களுக்கு ஒத்துப்போகல, நடுவுல எங்கயோ ஒரு அப்பா மாறியிருக்கார்.

வைகைக்கரை:
மரபுத்தேடல் அண்ணா, நெல்லிமரம், ரொம்ப நன்றி. அப்ப அப்பாகிட்ட எல்லாமே பொய்னு சொல்லணுமா? அது தான் எப்படின்னு தெரியல.

மரபுத்தேடல்:
பொய்னு ஏன் சொல்றீங்க? துர்க்மெனிஸ்தான்ல கோனூர், ஈரான்ல ஷஹர்-இ-சோக்தா, இந்த ரெண்டு இடத்துலயும் கிடைச்ச பழைய எலும்புக்கூடுகள்ல 11 பேரோட மரபுக் கலவை ராக்கிகர்ஹி பொண்ணோடதோட ஒத்துப்போகுது, அவங்க மாதிரியான ஜனங்க தான் இன்னிக்கு தெற்காசியாவுல இருக்கற பெரும்பாலானவங்களுக்கும் பெரிய மூலம்னு அந்த ஆராய்ச்சியிலேயே வருது. அப்பாவோட முன்னோர்ல அந்த ஜனங்க நிச்சயமா இருக்காங்க. ஆனா செம்மண்காடு வீட்டு பெங்காலி அம்மாவுக்கும் இருக்காங்க, காஷ்மீர்க்காரருக்கும் இருக்காங்க. "வழித்தோன்றல்"னு பத்திரிகைல போட்டா நமக்கு மட்டும்னு ஆயிடும், அது சரியில்ல. அப்புறம் அப்பாவுக்கும் ஒரு டெஸ்ட் எடுங்க, அப்பத்தா வழி என்னன்னு அவர் மூலமாத் தான் தெரியும்.

வைகைக்கரை:
நேத்து ராத்திரி உக்கார வெச்சு சொன்னேன். அந்த ஒரே ஒரு எலும்புக்கு நூறு தடவை முயற்சி பண்ண கதையை ரெண்டு வாட்டி சொல்லச் சொன்னார். அந்த வரி வேணாம்னு அவரே சொல்லிட்டார், பதிலா அவங்க அம்மா பேரையும் அம்மாச்சி பேரையும் பத்திரிகைல போடணுமாம். அம்மாச்சியோட அம்மா பேர் அவருக்குத் தெரியல, சிவகங்கைல பெரியத்தைக்கு இப்பத் தான் போன் பண்ணிட்டிருக்கார். கிட் இன்னிக்கு ஆர்டர் போட்டுட்டேன்.