புதுப்பிப்பு: சித்தியின் மாத்திரையும் சர்க்கரையும்

எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அல்பெலிசிப் மாத்திரை தொடங்கும் முன் டாக்டர் ஏன் சித்திக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்கிறார் என்று போன மாதம் கேட்டிருந்தேன். விடை வீட்டிலேயே கிடைத்தது.

சித்தியின் எச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசலில். மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டர் 268 காட்டியது. "மிஷின் கெட்டுப்போச்சுடா" என்று அடுத்த விரலை நீட்டினார். 271.

இந்த மருந்து அடைப்பது பிஐ3கே பாதையை, அதாவது செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞை வழியை. இன்சுலின் வேலை செய்வதும் அதே பாதையில்தான். 2019இல் வெளியான சோலார்-1 ஆய்வில், இந்தப் பாதையை முடுக்கிவிடும் பிஐகே3சிஏ மரபணு மாற்றம் புற்றுக்கட்டியில் உள்ளவர்களுக்கு ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஹார்மோன் தடுப்பு ஊசியோடு இதைச் சேர்த்தபோது, நோய் முற்றாமல் இருந்த காலம் 5.7 மாதத்திலிருந்து 11 மாதமானது. ஆனால் மாத்திரை எடுத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோருக்குச் சர்க்கரை ஏறியது. மிகவும் ஏறினால் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும், மருந்தின் பலனில் இழப்பு அங்கேதான். போதாததற்கு, சர்க்கரை ஏறும்போது உடல் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், மருந்து அடைத்த பாதையைத் திரும்பத் திறந்துவிடுவது எலிகளில் தெரிந்திருக்கிறது.

சில நாள் நிறுத்தி, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சேர்த்து, அல்பெலிசிப்பை 300 மில்லிகிராமிலிருந்து 250 ஆக்கித் தொடர்கிறோம். இன்று காலை 142.

அப்புறம், சர்க்கரை ஏறாது என்று கேழ்வரகுக் கூழ் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: சித்தியின் மீட்டரில் அதுவும் இட்லி மாதிரியே ஏறுகிறது.