புதுப்பிப்பு: தம்பியோட புது ஸ்கூல்

கோவில்பட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு பிளஸ் ஒன் படிக்க வந்த என் தம்பியை வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறான் என்று ஜூனில் எழுதியிருந்தேன். ஹாக்கியை விடவேண்டாம் என்று சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன்.

பி.டி. சாரிடம் அவனே போய்க் கேட்டிருக்கிறான். ஊர்ப்பேரைக் கேட்டதுமே மட்டையைக் கையில் கொடுத்துவிட்டாராம். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிற ஊராச்சே! இப்போது அணியில் லெஃப்ட் ஹாஃப். போன சனிக்கிழமை முழங்காலில் சிராய்ப்போடு வந்தான், கூடவே ரெண்டு பசங்க. அம்மா சுடச்சுட தோசை போட, பந்தை யார் கோட்டைவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டே தின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பில் சிலர் அவன் பேச்சை இன்னமும் கேலி செய்கிறார்கள். அதை விடப்போவதில்லை, அடுத்த வாரம் வகுப்பாசிரியரைப் பார்க்கிறேன்.