‘மிட்டிகேஷன் ஹையரார்க்கி’: தணிப்பு என்றால் போதுமா?

வணக்கம்.

நிலக்கரிச் சுரங்கத்துக்கான வனவிலங்குப் பாதுகாப்புத் திட்டத்தைத் தமிழில் எழுதும்போது, இயற்கைக்கு நேரும் பாதிப்பை எந்த வரிசையில் கையாள்வது என்று சொல்லும் ‘மிட்டிகேஷன் ஹையரார்க்கி’ என்பதற்குத் ‘தணிப்புப் படிநிலை’ போதும் என்று இங்கே இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காய்ச்சல் தணியும், தாகம் தணியும், கோபம் தணியும். மூன்றும் ஏற்கெனவே வந்துவிட்டவை. இந்தக் கருத்தின் முதல் படியோ பாதிப்பே வராமல் பார்த்துக்கொள்வது. யானை வலசை போகும் காட்டில் குழி தோண்டாமல் விடுவது. அது முடியாதபோதுதான் குறைப்பது: இரவில் வெடி வைக்காமல் இருப்பது, லாரிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, விளக்கு வெளிச்சம் காட்டுப் பக்கம் போகாமல் பார்ப்பது. அப்புறம் தோண்டிய நிலத்தை மூடி மரம் வளர்ப்பது. கடைசியாகத்தான் வேறிடத்தில் காடு வளர்ப்பது. ‘தணிப்பு’ என்று தலைப்பிட்டால் முதல் படி தலைப்பிலேயே காணாமல் போகிறது.

சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் அரண்ட் காட்டைப் பாருங்கள். சால் மரங்கள் அடர்ந்த, யானைகள் நடமாடும் காடு. சுரங்கம் கூடாத பகுதி என்று 2010-இல் சுற்றுச்சூழல் அமைச்சகமே வகைப்படுத்தியது. முதல் படி அன்று கையில் இருந்தது. 2011-இல் வன ஆலோசனைக் குழு வேண்டாம் என்று சொல்லியும் பர்சா கிழக்கு, காந்தா பாசன் சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்தது. 2013-இல் தோண்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு எவ்வளவு அக்கறையோடு திட்டம் எழுதினாலும் அது இரண்டாம் படியில்தான் தொடங்கும். நாட்டின் காட்டு யானைகளில் ஒரு விழுக்காடுகூட சத்தீஸ்கரில் இல்லை, யானையால் இறக்கும் மனிதர்களிலோ 15 விழுக்காட்டுக்கு மேல் அங்கேதான் என்று இந்திய வனவுயிர் நிறுவனம் 2021-இல் எழுதியது. அதைப் படித்ததிலிருந்து இந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

‘படிநிலை’யும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது மேல், கீழ் என்ற தகுதியைத்தான் நினைவுபடுத்துகிறது. இங்கே வேண்டியது, ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது என்ற ஒழுங்கு. அதனால் என் பரிந்துரை ‘காப்புப் படிவரிசை’. காப்பு என்பது வருமுன் காப்பதையும் சொல்லும், வந்தபின் காப்பதையும் சொல்லும்.

படிகளுக்கு: தவிர்ப்பு, குறைப்பு, மீளமைப்பு, பதிலீடு. மூன்றாவதற்கு ‘மீட்பு’ வேண்டாம். குழியில் விழுந்த கரடியைத் தூக்குவதும் மீட்புதானே, இரண்டும் ஒரே அறிக்கையில் வரும். நான்காவதற்கு ‘ஈடு’ என்று வைக்கலாமா என்று நிறைய யோசித்தேன். ஈடு என்றாலே சமம் என்று அந்தச் சொல் உறுதி தந்துவிடுகிறது. பழைய சால் காட்டுக்கு எங்கோ வரிசையாக நட்ட கன்றுகள் சமமாகாது. பதிலுக்கு வைத்தது என்பதோடு நிற்கும் ‘பதிலீடு’தான் நேர்மையான சொல்.

இன்னொன்று, ‘ஓவர்பர்டன்’, அதாவது நிலக்கரியை எடுப்பதற்காக அகற்றும் மண்ணும் பாறையும். இதற்குச் சிலர் ‘மேல்மண்’ என்கிறார்கள். அப்படிச் செய்தால், மேற்பரப்பில் உள்ள வளமான மண்ணைக் குறிக்கும் ‘டாப்சாயில்’ என்பதற்குச் சொல் இருக்காது. அந்த வளமான மண்ணைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில் மேலே பரப்பினால்தான் கன்று பிடிக்கும். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால், நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அந்த மண்ணையும் பாறையையும் அங்கே பேச்சில் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள்.